மகளுக்கு ராணுவ அதிகாரி ஆசை: என்சிசி பார்த்து இன்ஜினியரிங் கல்லூரி எடுக்கலாமா?

கலந்தாய்வு அப்பா: பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா, பதினேழு வயசு. இசிஇ படிச்சு ராணுவத்துல அதிகாரியா போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஒரு தனியார் கல்லூரி "ராணுவ அதிகாரி பயிற்சியுடன் பி.இ."ன்னு நோட்டீஸ் அடிச்சிருக்கு, அதுக்குத் தனி ஃபீஸ். இன்னொரு பழைய கல்லூரியில நல்ல என்சிசி, ஆனா இவ கட்-ஆஃபுக்கு சிவில்தான் கிடைக்கும். கலந்தாய்வு சாய்ஸ் லிஸ்ட்ல எதை மேல போடுறது?

பரேடு பிரியன்: யோசிக்கவே வேணாம் சார், பழைய கல்லூரி. என்சிசி தேர்வெழுதி வாங்குற சி சர்டிபிகேட்ல குறைஞ்சது பி கிரேடு, டிகிரில 50 சதவீதம், என்சிசி ஸ்பெஷல் என்ட்ரிக்கு அது போதும். எழுத்துத் தேர்வே இல்ல, நேரா எஸ்எஸ்பி, அதான் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற நேர்காணல். தேறினா பரங்கிமலை ஓடிஏ, அதிகாரிகள் பயிற்சி அகாடமி.

லேப் ரெக்கார்டு: பாதியைத்தான் சொல்றீங்க. அந்த என்சிசி ஸ்பெஷல் என்ட்ரில பெண்களுக்கு எத்தனை இடம்? ஒரு கோர்ஸுக்கு அஞ்சாறுதான், அதுவும் நாடு முழுக்க. அதை நம்பி பிடிச்ச பிராஞ்சை விடுவாங்களா? எஸ்எஸ்சி டெக்னு இன்ஜினியரிங் முடிச்சவங்களை அதிகாரியா எடுக்கிற இன்னொரு வழி இருக்கு, அதுல பெண்களுக்கு இதைவிட இடம் அதிகம். அங்கயும் எழுத்துத் தேர்வு கிடையாது, பி.இ. மார்க்கைப் பார்த்துதான் எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுவாங்க. கடைசி வருஷத்துல அப்ளை பண்ணா ஆறு செமஸ்டர் மார்க் கணக்கு. என் கூடப் படிச்சவன் இன்டர்னல் நடக்கிறப்ப பத்து நாள் என்சிசி கேம்ப் போனான். திரும்பி வந்து ரெண்டு பேப்பர் அரியர்.

பரேடு பிரியன்: அது உங்க நண்பரோட சோம்பேறித்தனம். நான் மூணு வருஷம் கேம்ப் போனேன், ஒரு அரியர் கிடையாது.

புதுப்பையன்: டிஇஎஸ் போடச் சொல்லுங்க அங்கிள், பிளஸ் டூ முடிச்சவங்களுக்கான ராணுவ டெக்னிக்கல் என்ட்ரி, இன்ஜினியரிங்கே ராணுவச் செலவுல படிக்கலாம்.

லேப் ரெக்கார்டு: தம்பி, அது ஆண்களுக்கு மட்டும். என்டிஏ, அதான் தேசிய பாதுகாப்பு அகாடமி நுழைவுத் தேர்வு எழுதலாம், 2021லேர்ந்து பெண்களுக்கும் உண்டு. வயசு பத்தொன்பதரை தாண்டக் கூடாது. கல்லூரில சேர்ந்துட்டே எழுதட்டும்.

பழைய செஸ்ட் நம்பர்: ரெண்டு பேரும் எஸ்எஸ்பியை ஏதோ வாசல்படி மாதிரி பேசுறீங்க. நான் சி சர்டிபிகேட்டோட பெங்களூரு போனவன். முதல் நாளே ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டி, நாலு நிமிஷத்துல கதை எழுதச் சொன்னாங்க. அப்புறம் குழுவா உட்கார்ந்து பொதுவா ஒரு கதை முடிவு பண்ணணும். எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினாங்க, நானும் கத்தினேன். சாயங்காலமே பெட்டியோட ரயில்வே ஸ்டேஷன். பரேடு கிரவுண்டுல கத்துறது வேற, நாலு பேர் நடுவுல பேச்சை எடுக்கிறது வேற.

பரேடு பிரியன்: என்சிசில தேசிய அளவு கேம்ப் போனவங்களுக்கு அந்தப் பேச்சும் வரும்.

பழைய செஸ்ட் நம்பர்: போக வாய்ப்பு கிடைச்சா வரும். ஒரு கல்லூரிக்கு எத்தனை பேரை எடுப்பாங்க?

லேப் ரெக்கார்டு: சார், இன்னொண்ணு. டிகிரி சர்டிபிகேட்ல வரப்போற பிராஞ்ச் பேரைப் பாருங்க. எஸ்எஸ்சி டெக் அறிவிப்புல எந்தெந்தப் பிராஞ்ச் செல்லும்னு பட்டியலே இருக்கும். புதுசு புதுசா பேர் வச்ச கோர்ஸ்ல சேர்ந்துட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

கலந்தாய்வு அப்பா: அந்த நோட்டீஸ் கல்லூரிக்குப் போன் பண்ணி, உங்க என்சிசி எந்த பட்டாலியன்னு கேட்டேன். "என்சிசி எல்லாம் இல்லீங்க, ரிடையர்டு ஹவில்தார் ஒருத்தர் வாரம் ரெண்டு நாள் வர்றாரு"ன்னாங்க. அந்தக் கல்லூரியை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுட்டேன். என்சிசி இருக்குற கல்லூரிங்கள்ல இசிஇ மட்டும் முதல்ல, அதுக்கப்புறம் என்சிசி இல்லாத இசிஇ, கடைசியா அந்த சிவில். என்டிஏவும் எழுதுறாளாம்.

பரேடு பிரியன்: சிவிலைக் கடைசில போட்டது தப்பு சார். சேரப்போற கல்லூரில சீனியர் விங், அதான் கல்லூரிப் பெண்களுக்கான என்சிசி பிரிவு இருக்கான்னாவது இப்பவே கேட்டுடுங்க. சில இடத்துல பசங்களுக்கு மட்டும்தான்.

கலந்தாய்வு அப்பா: ஐயோ, இதைக் கேக்கவே இல்லையே. நாளைக்குக் காலையில மறுபடி போன்தான்.