கல்லடிப் பக்கம் நல்ல டைல்ஸ் பாஸ் (மேசன்) ஒராள் தேவை

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். எங்கட வீடு மட்டக்களப்பு கல்லடியில. படிக்கட்டுக்குக் கீழ ஒரு குட்டி டொய்லெட் இருக்கு. 3 அடிக்கு 5 அடி. கொமட்டும் கை கழுவுற பேசினும் மட்டும்தான், குளிக்க இடமில்ல. அதைப் புதுசாக்கப் போறம்.

பழைய டைல்ஸைச் சில்லறைக் காசால தட்டினா பாதிக்கு மேல உள்ளுக்கு வெறுமையா "டொக் டொக்" எண்டு கேக்குது. வந்து பார்த்த பாஸ், "உடைக்கத் தேவல்ல மகன், மேலயே ஒட்டுவம்" எண்டார். கழண்டு நிக்கிறதுக்கு மேல ஒட்டினா அதுவும் சேர்ந்துதானே கழரும்? நிலம் உயர்ந்து கதவும் தட்டும். எனக்கு மனமில்ல.

பெரிய தலையிடி கொமட்தான். சுவரில இருந்து கழிவுக் குழாயின்ட நடு வரைக்கும் 9 அங்குலம். கடையில பிடிச்ச கொமட் 12 அங்குலத்துக்கு. மூணு தரம் அளந்தும் அது கூடல்ல! 9க்குப் பொருந்துற எஸ் ட்ராப் கொமட் (கழிவு கீழ நிலத்துக்குள்ள போறது) டவுனிலயோ கல்முனையிலயோ எங்க எடுக்கலாம்? இல்லாட்டி நிலத்தை உடைச்சுக் குழாயைத் தள்ளித்தான் போடணுமா?

கிணத்துத் தண்ணியில இரும்பு. வெள்ளை பேசினில குழாய்க்கு நேர கீழ தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கோடு. அம்மா புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கமே போயிட்டு. வேற நிறத்தில பேசின் வச்சிருக்கிறாக்கள் எப்பிடி எண்டு சொல்லுங்க.

மாரி மழைக்கு முன்னம் முடிக்கணும், பிறகு எங்கட வளவில டொய்லெட் குழியே நிரம்பிரும். கூலி நாள் கணக்கில பேசுறதா, சதுர அடிக் கணக்கிலயா?