இறைச்சியில் உள்ள கிரியேட்டின் பிள்ளைகளை உயரமாக்குமா?

கருங்கல்: "தசைக்கு ஆற்றல் தர உதவும் சத்தான கிரியேட்டின் அதிகம் சாப்பிட்டால் பிள்ளைகள் உயரமாவார்கள், அமெரிக்காவில் நிரூபித்தாயிற்று" என்று இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார். நிரூபித்தார்களாம்! 2001-02 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 2 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் முதல்நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்ட தரவு அது. ஒரே ஒரு நாள் சாப்பாடு! அதை வைத்து வளர்ச்சியை அளப்பார்களா?

பனங்காடை: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். வயது, மற்ற சத்துகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நிற்கிறது. முழுதாகப் படித்தீர்களா?

கருங்கல்: படித்ததால்தான் சொல்கிறேன். கேட்டது ஒரே ஒரு நாள். உயரமான பிள்ளைக்குப் பசி அதிகம், தட்டில் இறைச்சியும் அதிகம். எது முந்தி, எது பிந்தி என்று இந்த ஆய்வால் சொல்லவே முடியாது.

மின்மினி: கிரியேட்டின் கூடினால் கிட்னி போய்விடும் என்பார்களே?

கருங்கல்: கிட்னிக்காக ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது கிரியேட்டின் அல்ல, கிரியேட்டினின்; அது கிரியேட்டின் சிதைந்து வரும் கழிவு. தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம்.

மின்மினி: கேட்டது குற்றமா சார்?

இரும்புத்தோள்: என் தம்பிக்கு 14 வயது. கிரியேட்டின் பவுடர் கொடுக்கலாமா?

பனங்காடை: பவுடரைப் பற்றி யாருமே பேசவில்லை தம்பி. பதின்வயதினருக்கு அது வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. நான் சொல்வது உணவு. ஒரு கிலோ பச்சை இறைச்சியிலோ மீனிலோ சுமார் 3 முதல் 5 கிராம் இருக்கும். பிறவியிலேயே உடலால் கிரியேட்டின் தயாரிக்க முடியாத பிள்ளைகளுக்கு வளர்ச்சி தடைபடுகிறது, கருங்கல் ஐயா. அதற்கென்ன பதில்?

கருங்கல்: அது அரிய மரபணு நோய். அதில் முக்கியமாகத் தடைபடுவது மூளை வளர்ச்சி. மற்றவர்களுக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து மூன்று அமினோ அமிலங்களிலிருந்து தினமும் ஏறக்குறைய 1 கிராம் தயாரித்துவிடுகின்றன. இறைச்சியே தொடாத பிள்ளைகளும் வளர்கிறார்கள். திரும்பவும் கேட்கிறேன், ஒரே ஒரு நாள் கணக்கு போதுமா, போதாதா?

பனங்காடை: போன மாதம் புரதப் பவுடர் விவாதத்தில் தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

கருங்கல்: தோற்றேனா? உங்கள் பதிவுகளை நீங்களே அழித்துவிட்டு ஓடினீர்கள்!

பனங்காடை: எழுத்துப்பிழைக்காக அழித்தேன்.

இரும்புத்தோள்: அண்ணே, அப்போ என் தம்பிக்கு?

கருங்கல்: பதினொரு பதிவும் எழுத்துப்பிழையா? படம் பிடித்து வைத்திருக்கிறேன், போடட்டுமா?

பனங்காடை: தாராளமாகப் போடுங்கள்.