6 லட்சம் கையிருப்பு, மரச்செக்கு போடலாமா? இரண்டு மூன்று தொழில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அமராவதிக்கரை:

வணக்கம். கரூர் பக்கம் இருக்கிறேன், வயது 38. ஏற்றுமதிக்கு பெட்ஷீட் தைக்கும் கம்பெனியில் பதினோரு வருடம் பேக்கிங் பார்த்தேன், இப்போது வேலை இல்லை. பி.எஃப். பணமும் சீட்டு எடுத்த பணமும் சேர்த்து கையில் 6 லட்சம் இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய் போடலாம் என்று எண்ணம். வாகை மரத்தில் இரண்டு செக்கு, மோட்டாரோடு 3.75 லட்சம் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், இந்த வாரமே 50 ஆயிரம் அட்வான்ஸ் கேட்கிறார். வீட்டில், செய்து பார்த்த நாலு பேரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். ஒன்றுக்கு மேல் தொழில் செய்தவர்கள், மூடியவர்களும்தான், எதில் பணம் போனது என்று சொல்லுங்கள். தன்னம்பிக்கைப் பேச்சு நிறையக் கேட்டுவிட்டேன், எனக்குக் கணக்குதான் வேண்டும்.

பவானிக்காரர்:

தம்பி, அந்த அட்வான்ஸை இந்த வாரம் கொடுக்காதீர்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

நான் 2016-ல் பேப்பர் கப் மிஷின் வாங்கினேன். விற்றவர், நீங்கள் ஓட்டுங்கள், கப் முழுக்க நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். முதல் இரண்டு மாதம் எடுத்தார்கள், பிறகு தரம் சரியில்லை என்றார்கள், அதன்பின் போனே எடுக்கவில்லை. சரி என்று நானே டீக்கடை டீக்கடையாகப் போட்டேன். கப்புக்கு ஐந்து பைசா நின்றால் பெரிது. அந்த ஐந்து பைசாவும் கையில் வராது, போன வாரப் பாக்கிக்கு இந்த வாரம் பாதி, மீதிக்கு அடுத்த வாரம், அதற்குள் ஒரு கடை கைமாறிவிடும், புது முதலாளியிடம் பழைய பாக்கியைக் கேட்க முடியுமா? பேப்பர் ரோலுக்கு மட்டும் நான் ரொக்கம் கொடுக்க வேண்டும். மூன்றாவது வருடம் 1.40 லட்சம் வெளியே நின்றது. அப்போதுதான் அரசு பிளாஸ்டிக் தடையை அறிவித்தது. 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களோடு, உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மிஷினை இரும்பு விலைக்குக் கொடுத்தேன். தடை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, ஆற்றங்கரையில் கிடக்கும் குப்பையை நானும்தான் பார்க்கிறேன். ஆனால் முதல் முழுவதையும் ஒரே வேலை மட்டும் தெரிந்த மிஷினில் போட்டிருந்தேன், அதுதான் விழ வைத்தது.

நடுவில் 200 நாட்டுக்கோழிக் குஞ்சு விட்டேன். இரண்டாவது தடுப்பு மருந்தைத் தள்ளிப் போட்டதில் வெள்ளைக்கழிச்சல் வந்தது, ஒரே வாரத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

இப்போது ஐந்து வருடமாகச் செக்குதான், அதனால் கணக்குச் சொல்ல முடியும். நிலக்கடலைப் பருப்பு 10 கிலோ ஆட்டினால் நல்ல காய்ச்சல் உள்ள பருப்பாக இருந்தால் நாலரை லிட்டர், ஈரம் இருந்தால் நாலுதான். பருப்பு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,200 ஆகிறது. லிட்டர் 300 என்று விற்றால் 1,350. பாட்டில், லேபிள், கரண்ட், ஆள்கூலி எல்லாம் அந்த 150-க்குள் அடங்குமா? அடங்காது. ஐந்து கிலோ புண்ணாக்கு விழும், அதில் வருகிற 200 சொச்சம்தான் நமக்கு நிற்பது. ஆகவே மிஷின் பார்ப்பதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்களைப் பாருங்கள். பருப்பை அறுவடை சமயத்தில் மொத்தமாக எடுக்கவும் பணம் வேண்டும், சீசன் தாண்டினால் விலை ஏறிவிடும். 3.75 மிஷினுக்குப் போய், ஷெட், மோட்டார் லைன், கடை அட்வான்ஸ் எல்லாம் போனால் பருப்பு வாங்க என்ன இருக்கும்?

என் யோசனை: 100 கிலோ நல்ல பருப்பு வாங்கி, பக்கத்துச் செக்கில் கூலிக்கு ஆட்டி, மூன்று நாள் தெளிய வைத்து, நீங்களே விற்றுப் பாருங்கள். முதல் பாட்டில் யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள், சொந்தக்காரர் முகத்துக்காக வாங்குவார். இரண்டாவது பாட்டில் கேட்டு வருகிறவர்களைத்தான் எண்ண வேண்டும்.

மதுரை மாவுக்கடை:

அண்ணா சொன்ன கடன் விஷயம் நூற்றுக்கு நூறு. நான் முதலில் சேலை எடுத்து வந்து தெருவில் தவணைக்கு விற்றேன். வாங்கியதெல்லாம் தெரிந்தவர்கள், கேட்டால் மனஸ்தாபம், கேட்காவிட்டால் நஷ்டம். ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டேன்.

பிறகு இட்லி மாவு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், வீட்டு கிரைண்டரில் தினம் 5 கிலோ. மார்கழியில் ஆரம்பித்ததால் எல்லாம் நன்றாகப் போனது. சித்திரையில்தான் புத்தி வந்தது. காலையில் கடையில் வைத்த பாக்கெட் பகல் 2 மணிக்குத் தலையணை மாதிரி உப்பி நிற்கும், வெட்டினால் புளிப்பு வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். கடைக்காரர் ரிட்டர்ன் கொடுத்துவிடுவார். அந்த மாதம் விற்றதைவிடக் கொட்டியது அதிகம். இப்போது வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறேன், உப்பு போடாமல் கொடுக்கிறேன், ஃபிரிட்ஜ் இல்லாத கடைக்குப் போடுவதே இல்லை. ஆகவே எந்தத் தொழிலானாலும் ஒரு முழு வருடம் சுற்றி வராமல் லாபம் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் கூலியைக் கணக்கில் எழுதுங்கள். இரண்டு வருடம் நான் எழுதவில்லை. அதிகாலை 4 மணிக்கு எழுந்த உழைப்புக்கு நாளுக்கு 400 என்று போட்டுப் பார்த்தால் லாபம் என்று நினைத்தது முழுக்க என் கூலியாகவே இருந்தது. அன்றைக்குத்தான் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் ஏற்றினேன். பயந்த அளவுக்கு யாரும் போய்விடவில்லை.

நொய்யல்:

கூலிக்கு ஆட்டச் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. முந்தின ஆள் எள் ஆட்டியிருப்பார், அதே செக்கில் உங்கள் கடலையைப் போட்டால் வாசனை கலக்கும், வாடிக்கையாளர் உங்களைத்தான் குறை சொல்வார். சீசனில் காத்திருக்கவும் வேண்டும். கூலிக்கு ஆட்டுவதானால் காலையில் முதல் ஆட்டாகக் கேளுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டாதீர்கள். பிறகு ஒரே ஒரு செக்கு, முடிந்தால் பழையது.

கடன் பக்கம் யோசித்தால் பி.எம்.இ.ஜி.பி. திட்டம் இருக்கிறது, புதிதாகத் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள் பெயரில் போட்டால் 35 சதவீதம் மானியம். ஆனால் அது கையில் வரும் பணம் இல்லை, வங்கியில் மூன்று வருடம் டெபாசிட்டாக நிற்கும், அதுவரை தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும். இது தெரியாமல் மானியம் வந்ததும் கொடுக்கிறேன் என்று வெளியே கடன் வாங்கி மாட்டியவர்களைத் திருப்பூரில் பார்த்திருக்கிறேன். சிறு தொழிலுக்கான அரசின் உதயம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அமராவதிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மிஷின்காரருக்கு இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன், விலை ஏறிவிடும் என்றார், ஏறட்டும். வெள்ளிக்கிழமை 100 கிலோ பருப்பு எடுக்கப் போகிறேன். பவானி அண்ணா, காய்ச்சல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பவானிக்காரர்:

மூட்டையின் மேல்பக்கம் பார்க்காதீர்கள், நடுவில் கைவிட்டு எடுங்கள். இரண்டு விரலால் தேய்த்தால் தோல் சட்டென்று உரிய வேண்டும், கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.