டாட்டா 1210 வண்டிக்கு சிலிண்டர் ஹெட் வேணும்: பழசா, புதுசா?

697 எஞ்சின், 6 சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 128 மி.மீ. பிளாக் வேலை ஓடுது. சிக்கல் ஹெட்ல. ஆறு சிலிண்டரையும் மேல மூடுறது ஒரே ஹெட், அதனால ஓரிடத்துல போனாலும் முழுசா மாத்தணும்.

3, 4-ஆம் சிலிண்டர்ல ரெண்டு வால்வ் சீட்டுக்கும் (வால்வ் வந்து உட்கார்ற வளையம்) இடையில முடிக்கனத்துல கிராக். கரியைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவித் துடைச்சா, கோடு மறுபடி ஈரமாத் தெரியுது. கடலோர உப்புத் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தி ஓட்டினதுல வாட்டர் ஜாக்கெட் (ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுற வழி) முழுக்கப் படிவம். சைலன்சர் பக்க வால்வைச் சுத்தித் தண்ணி ஓட்டம் குறைஞ்சு, அங்கதான் சூடு ஏறியிருக்கு. வெல்டிங் வேண்டாம்னு முடிவு. வார்ப்பிரும்பு, வெல்டுக்குப் பக்கத்துலயே திரும்ப விரிசல் விடும்.

பழைய ஒரிஜினல் ஹெட் கிடைச்சா அதுதான் முதல் விருப்பம். ஆனா பலமுறை ஃபேசிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துறது) போட்டதா இருக்கக் கூடாது. கனம் குறைஞ்சா வால்வும், டீசல் பீய்ச்சுற நாசில் முனையும் பிஸ்டன் பக்கம் இறங்கும். சீட்டை ஆழப்படுத்தணும், நாசில் வாஷர் கனத்தையும் மாத்தணும். புது வார்ப்புன்னா வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடுற குழாய்) நேரா இருக்கா, தண்ணி ஓட்டையில மணல் அடைச்சிருக்கான்னு பார்க்காம வாங்க மாட்டோம்.

அண்ணன்மாரே, ரெண்டு விவரம் வேணும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஹெட்டை வெந்நீர்ல முக்கி, காத்தழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்ற லேத் பட்டறை எது? பச்சைத் தண்ணியில பார்த்தா மயிர்க்கோட்டு கிராக் பிடிபடாமப் போகலாம். ஃபேசிங் படாத ஹெட் வச்சிருக்கிறவங்க, நாலு மூலையிலயும் வெர்னியர் வச்சு அளந்த கனத்தையும், வால்வ் சீட் பக்கத்து போட்டோவையும் போடுங்க.