தேன் கேட்டவருக்கு இங்கிலீஷ் மெயில்: லிட்டில், அனதர், போத், எவ்ரி இதெல்லாம் சரியா? அனுப்பும் முன்னாடி பாத்துச் சொல்லுங்க

குழித்துறை_தேன்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் எனக்க அண்ணனும் நானும் தேன் பெட்டி வச்சிருக்கோம். பெட்டி முக்காவாசி ரப்பர் தோட்டத்துலதான். இங்கிலாந்துல கடை வச்சிருக்க ஒருத்தர் விசாரிச்சு மெயில் போட்டிருக்காரு. பதில் எழுதி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல்ல. ஸ்பெல்லிங் செக்ல ஒண்ணும் சிவக்கல்ல, ஆனாலும் மனசுக்கு ஒப்பல்ல. இந்த வரிகளப் பாருங்க:

"வீ ஹேவ் லிட்டில் ஹனி லெஃப்ட் ஃப்ரம் திஸ் சீசன்."
"வீ ஆர் செண்டிங் டூ சாம்பிள்ஸ். ஒன் இஸ் ரப்பர் ஹனி, அனதர் இஸ் ஃபாரஸ்ட் ஹனி."
"போத் சாம்பிள்ஸ் ஆர் நாட் ஹீட்டட்."
"பீஸ் விசிட் தி ரப்பர் ட்ரீஸ் வென் தே கெட் நியூ லீவ்ஸ்."
"எவ்ரி பாட்டில்ஸ் ஆர் சீல்டு."
"ஃபார் எனி டவுட், ப்ளீஸ் கான்டாக்ட் மை பிரதர் ஆர் மைசெல்ஃப்."

நான் சொல்ல வந்தது: கொஞ்சம் தேன் கையில இருக்கு, வேணும்னா தரலாம். ரெண்டு சாம்பிளையும் சூடாக்கல்ல.

நாகர்கோவில்_டியூஷன்:
தம்பி, முதல் வரிய அப்படியே அனுப்பிராதீங்க. அதப் படிச்சா அவரு வேற ஆளத் தேடிப் போயிருவாரு. முன்னால 'எ' இல்லாத லிட்டில், இல்லைங்கிற பக்கம் சாஞ்சது. "அனேகமா தீந்து போச்சு, எதிர்பாக்காதீங்க"ன்னு அவருக்குக் கேக்கும். 'எ லிட்டில்'னு எழுதினா "கொஞ்சம் இருக்கு"ன்னு ஆகும். நம்ம பேச்சுல "கொஞ்சந்தான் இருக்கு", "கொஞ்சம் இருக்கு"ன்னு ரெண்டு விதமாச் சொல்லுவோம்ல, அந்தத் 'தான்' செய்யிற வேலைய அங்க 'எ' இல்லாம விடுறது செய்யுது.

எண்ண முடியிற பொருளுக்கு இதே கணக்கு ஃபியூ, எ ஃபியூ. "ஃபியூ பாட்டில்ஸ் ஆர் லெஃப்ட்"னா வியாபாரம் முடிஞ்ச மாதிரி. "எ ஃபியூ பாட்டில்ஸ்"னா ஆர்டர் போடலாம். தேன எண்ண முடியாது, பாட்டில எண்ணலாம். அதனால ஹவ் மச் ஹனி, ஹவ் மெனி பாட்டில்ஸ். 'தீஸ் ஹனி'ன்னு எங்கயாவது எழுதியிருந்தா 'திஸ் ஹனி'ன்னு மாத்திருங்க.

உள்ளபடி சொன்னா, விக்கப் போறவங்க 'எ லிட்டில்'னு சொல்லுறதும் அவ்வளவு எடுப்பா இல்ல. எத்தனை கிலோ இருக்கோ அத எழுதிருங்க.

ரெண்டாவது வரி. ரெண்டே சாம்பிள்னா ஒண்ணச் சொன்ன பிறகு மிச்சம் எதுங்கிறது தெரிஞ்சு போச்சு. அதனால 'தி அதர்'. அனதர்னா "இன்னும் பல இருக்கதுல வேறொண்ணு"ன்னு ஆகும். மூணு சாம்பிள் அனுப்பினா ஒன், அனதர், தி தேர்டுன்னு போகலாம்.

தக்கலை_பையன்:
ஈச், எவ்ரி ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்? எத வேணும்னாலும் போடலாம்லா?

நாகர்கோவில்_டியூஷன்:
பல இடத்துல மாத்திப் போடலாம் மக்கா, எல்லா இடத்துலயும் முடியாது. ரெண்டே பொருள் இருந்தா ஈச் மட்டுந்தான். "ஈச் சாம்பிள்" சரி, ரெண்டு சாம்பிளுக்கு "எவ்ரி சாம்பிள்" சொல்லக்கூடாது. 'ஈச் ஆஃப் தி பாட்டில்ஸ்' உண்டு, 'எவ்ரி ஆஃப்' கிடையாது, 'எவ்ரி ஒன் ஆஃப்'னு எழுதணும். ரெண்டுக்கும் பின்னால ஒருமைதான்: "எவ்ரி பாட்டில் இஸ் சீல்டு." தம்பி எழுதினதுல பாட்டில்ஸும் தப்பு, ஆரும் தப்பு.

சவூதி_குமரிக்காரன்:
டீச்சர் மூணாவது வரிய விட்டுட்டாங்க. இருக்கதுலயே மோசமானது அதுதான் தம்பி. "போத் சாம்பிள்ஸ் ஆர் நாட் ஹீட்டட்." நமக்கு இதுல சந்தேகமே வராது, ரெண்டும் சூடாக்கல்லன்னுதான் படிப்போம். இங்கிலீஷ்காரருக்கு "ரெண்டுல ஒண்ண மட்டும் சூடாக்கியிருக்காங்களோ"ன்னும் தோணலாம். "நைதர் சாம்பிள் ஹேஸ் பீன் ஹீட்டட்"னு எழுதினா வேற அர்த்தத்துக்கு வழியில்ல. 'ஆல்' வந்தாலும் இதே வம்புதான். "ஆல் தி ஹனி இஸ் நாட் ஹீட்டட்"னு போடாதீங்க, "நன் ஆஃப் தி ஹனி இஸ் ஹீட்டட்". காச்சாத தேன்னு சொல்லித்தான விக்கப் போறீங்க, இந்த ஒரு வரி தெளிவா இருக்கணும்.

கடைசி வரியில 'டவுட்' வேண்டாம். அது அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கையில்லாத மாதிரிப் படும். 'இஃப் யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ்'. மைசெல்ஃபும் அங்க வரக்கூடாது: "கான்டாக்ட் மை பிரதர் ஆர் மீ". அண்ணன எடுத்துட்டுத் தனியாப் படிச்சுப் பாருங்க. "கான்டாக்ட் மைசெல்ஃப்"னோ "கான்டாக்ட் ஐ"ன்னோ யாரு சொல்லுவா?

தக்கலை_பையன்:
அப்போ நம்ம ஊர்ல எல்லாரும் மேடையேறி 'மைசெல்ஃப் இன்னாரு'ன்னு ஆரம்பிக்கிறது?

சவூதி_குமரிக்காரன்:
'ஐ ஆம்' போதும். இதச் சொல்லிச் சொல்லி எனக்க தொண்டத் தண்ணி வத்திப் போச்சு.

கருங்கல்_வாசகன்:
மரத்து வரியில வர்ற 'தே' யாரு? தேனீயா, மரமா? புது இலை விடுறது மரம்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். ரப்பர் மரத்தையே பாக்காத ஆளுக்கு அந்த வரி தடுக்கும். போதாக்குறைக்கு, தேன்னாலே பூவுலருந்து வர்றதுன்னு நெனச்சிருப்பாரு. ரப்பர்ல தேனீ எடுக்கது தளிர் இலைக் காம்புல ஊறுற மதுவ. அதயும் சேத்துச் சொல்லணும். மரத்த முன்னால கொண்டு வாங்க: "வென் தி ரப்பர் ட்ரீஸ் புட் அவுட் நியூ லீவ்ஸ், தி லீஃப் ஸ்டாக்ஸ் கிவ் நெக்டர், அண்ட் தி பீஸ் கலெக்ட் இட்." இப்போ 'இட்' நெக்டரத் தவிர வேற எதுவாவும் இருக்க முடியாது.

குழித்துறை_தேன்பெட்டி:
அண்ணே, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. லேபிளுக்கு இன்னொரு வரி இருக்கு: "தி ஹனி ஹேஸ் இட்ஸ் ஓன் டேஸ்ட்." இந்த இட்ஸ்ல எஸ்ஸுக்கு முன்னால மேல ஒரு கமா வருமா? ராமனோடதுன்னு எழுத 'ராமன்ஸ்'ல அது வருதே?

கருங்கல்_வாசகன்:
வராது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எதுலயும் கிடையாது, இதுலயும் கிடையாது. அந்தக் குறி போட்ட இட்ஸ்னா 'இட் இஸ்', இல்லன்னா 'இட் ஹேஸ்'. விரிச்சுப் படிச்சுப் பாருங்க, "தி ஹனி ஹேஸ் இட் இஸ் ஓன் டேஸ்ட்"னு உளறும்.

இங்கிலீஷ்காரங்களே இதுல தடுமாறினவங்கதான். 17ஆம் நூற்றாண்டுல அவங்களே உடைமைக்கும் குறி போட்டு எழுதியிருக்காங்க. அந்தச் சொல்லே அப்போ புதுசு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல லேவியராகமம் 25:5ல 'இட் ஓன்'னுதான் அச்சாகியிருந்துது, பிறகு வந்த பதிப்புலதான் 'இட்ஸ் ஓன்' ஆச்சு. வீட்டுல இங்கிலீஷ் பைபிள் இருந்தா எடுத்துப் பாருங்க.

தக்கலை_பையன்:
நானும் ஒண்ணு சொல்லுறேன். கேள்வின்னா எனி, பதில்னா சம். கடைசியில "வுட் யூ லைக் எனி மோர் சாம்பிள்ஸ்"னு கேட்டு முடிச்சிருங்க.

நாகர்கோவில்_டியூஷன்:
அந்த விதி பாதிதான் மக்கா. தகவல் கேக்கும்போது எனி. "தர்றோம், வாங்கிக்கிடுங்க"ன்னு நீட்டும்போது கேள்வியா இருந்தாலும் சம்தான் நல்லாருக்கும்: "வுட் யூ லைக் சம் மோர் சாம்பிள்ஸ்?" எனி போட்டா தப்பில்ல, ஆனா வேணுமா வேண்டாமான்னு ஒட்டாமக் கேக்குற மாதிரி இருக்கும்.

குழித்துறை_தேன்பெட்டி:
திருத்திட்டேன்:

"வீ ஸ்டில் ஹேவ் சம் ஹனி ஃப்ரம் திஸ் சீசன். வீ ஆர் செண்டிங் டூ சாம்பிள்ஸ்: ஒன் இஸ் ரப்பர் ஹனி, தி அதர் இஸ் ஃபாரஸ்ட் ஹனி. நைதர் ஆஃப் தி சாம்பிள் ஹேஸ் பீன் ஹீட்டட். எவ்ரி பாட்டில் இஸ் சீல்டு."

நாகர்கோவில்_டியூஷன்:
'நைதர் ஆஃப்' வந்தா சாம்பிள்ஸ், பன்மை. 'ஆஃப் தி' இல்லன்னா 'நைதர் சாம்பிள்', ஒருமை. ரெண்டுல ஒண்ண வச்சிக்கிடுங்க. 'சம் ஹனி' இருக்க இடத்துல கிலோவ எழுதி அனுப்பிருங்க தம்பி.