நீலகிரியில் 70 பேர் கல்யாணம்: ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா?

திருப்பூர் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நாங்கள் திருப்பூர். மாப்பிள்ளை வீட்டார் தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். இரண்டு ஊருக்கும் நடுவில் நீலகிரி இருப்பதால் அங்கேயே நெருங்கிய சொந்தம் 70 பேரை மட்டும் வைத்து முகூர்த்தத்தை முடித்துவிட்டு, வரவேற்பை அவரவர் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவு செய்தோம். அப்பா இல்லாததால் ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. தங்கை ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் இந்த மலைக் கல்யாணம்தான். அதைக் குறையில்லாமல் செய்துவிட வேண்டும்.

மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில் ஹால் உள்ள ஒரு ஹோட்டல். குன்னூர்–கோத்தகிரி ரோட்டில் எடப்பள்ளி தாண்டி ஒரு சின்ன விடுதி, அதில் புல்வெளியும் கண்ணாடி போட்ட ஒரு கூடமும் இருக்கின்றன. மூன்றாவது, கோத்தகிரி தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய பங்களா. தங்கையின் மனசு பங்களாவில்தான் இருக்கிறது. போட்டோவில் பார்த்தால் எனக்கும் பிடிக்கிறது.

பாட்டிக்கு 82 வயது. மூட்டு வலி, குளிர் பட்டால் வீசிங். பாட்டி கையால் தாலி தொட்டுத் தராமல் இந்தக் கல்யாணம் நடக்காது, அதனால் அவரை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே இல்லை.

ஜோசியர் இரண்டு தேதி கொடுத்திருக்கிறார். தை கடைசியில் ஒன்று, காலை 9 மணிக்கு மேல். சித்திரையில் ஒன்று, விடியற்காலை. எந்தத் தேதி, எந்த இடம்? அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரிவாசி:

வாழ்த்துகள் அக்கா. இடத்துக்கு முன்னால் தேதியை முடிவு செய்யுங்கள். யோசிக்கவே வேண்டாம், தை.

எங்கள் பக்கம், அதாவது குன்னூர், கோத்தகிரிக்கு, பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்றைக்கும் அந்த மாதங்களில் மழை கொட்டினால் ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வராது. தை கடைசிக்குள் அதெல்லாம் ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். குளிர் உண்டு. ஊட்டியில் அந்த நேரத்திலும் விடிகாலையில் புல் மேல் உறைபனி விழும். ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1850, கோத்தகிரி 1800 சொச்சம். அந்த 400 மீட்டர் வித்தியாசம் வீசிங் உள்ள பாட்டிக்குப் பெரிய வித்தியாசம்.

சித்திரை என்றால் சீசன். பிறகு மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி என்று வைகாசி வரை கூட்டம் குறையாது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் இருக்கிறது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளுக்கு 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 என்று வரம்பே வைத்தார்கள். அப்புறம் சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டியைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிற வண்டியைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். கோத்தகிரியில் கல்யாணம் வைத்துக்கொண்டு, உங்கள் சொந்தக்காரர்கள் குன்னூர் வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று. எந்த இடமாக இருந்தாலும் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தார்கள். அனுமதி இல்லாத தங்கும் விடுதிகள் மீது இங்கேயும் நடவடிக்கை வருவதுண்டு. பத்திரிகை அடித்த பிறகு அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

மேட்டுப்பாளையம் சமையல்:

அம்மிணி, நான் மேட்டுப்பாளையத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன். மலைக்குச் சாமான் ஏற்றிப் போய் அடுப்பு மூட்டுவது எங்களுக்கு வழக்கமான வேலை. இடம் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நேராகப் பால்கனிக்குப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். கொல்லைப்பக்கம் போய் அடுப்படியைப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. 70 பேர் வந்து, அதில் பாதிப் பேர் வயசானவர்கள் என்றால், சுடச்சுடச் சோறும் வென்னீரும் கிடைக்கிற இடம்தான் நல்ல இடம். மலையைக் கண்ணாடி வழியாகவும் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது எடப்பள்ளி விடுதி. காரணம் சொல்கிறேன்.

அங்கேயிருந்து கீழே இறங்க இரண்டு ரோடு இருக்கிறது. குன்னூர் போய் பர்லியாறு வழியாக இறங்கலாம், இல்லையென்றால் கோத்தகிரி போய் குஞ்சப்பனை வழியாக இறங்கலாம். ஒன்றில் மரம் விழுந்தாலும், லாரி கவிழ்ந்து நின்றாலும், இன்னொன்று இருக்கும். நாங்கள் விடியற்காலையில் காய்கறி, பால், இலை ஏற்றி வருகிறவர்கள். ஒரே ரோட்டை நம்பி இருக்கிற இடம் என்றால் முதல் நாள் ராத்திரியே எனக்கு வயிற்றைக் கலக்கும். மாப்பிள்ளை வீட்டாரும் கூடலூர், ஊட்டி வழியாகக் குன்னூர் வந்து சேர்ந்துவிடலாம். அவர்களிடம் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுங்கள்: பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பினால் சரி. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி வழி தூரம் குறைவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 36 கொண்டை ஊசி வளைவு, நல்ல செங்குத்து. ஆள் நிறைந்த வேனை அதில் ஏற்ற வேண்டாம்.

தோட்டத்துக்குள் இருக்கும் பங்களா பற்றி. அழகுதான், நானும் அந்த மாதிரி இடங்களில் சமைத்திருக்கிறேன். அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா?" முக்கால்வாசிப் பங்களாக்களுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் மண் ரோடு. ஜீப்பில் ஆட்களை மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். ஒரு பங்களாவில் நாலு தேகசாவும் (பெரிய சமையல் பாத்திரம்) கிரைண்டரும் தோளில் சுமந்து படியேறினோம். அங்கே கல்யாணப் பெண்ணின் தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. உங்கள் பாட்டிக்கு அப்படி ஒரு நிலைமை வரக்கூடாது.

இப்போது அடுப்படி. மேலே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே, சுமார் 94-லேயே கொதித்துவிடும். பார்க்கக் கொதிக்கும், ஆனால் சூடு பத்தாது. அரிசி கொஞ்சம் கூடுதல் நேரத்தில் வெந்துவிடும். துவரம்பருப்புதான் படுத்தும். திறந்த பாத்திரத்தில் எத்தனை நேரம் வைத்தாலும் மசியாமல் முத்து முத்தாக நிற்கும். சமவெளியிலிருந்து முதல் தடவை மேலே வருகிற மாஸ்டர் என்றால் சாம்பாரில் மாட்டிக்கொள்வார். நாங்கள் பருப்பை வென்னீரில் ஊறப்போட்டுப் பெரிய குக்கரில்தான் வேக வைப்போம். நீங்கள் யாரை அமர்த்தினாலும் பருப்பை எப்படி வேக வைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே ஆள் மலையில் சமைத்தவரா என்று தெரிந்துவிடும்.

இட்லி மாவு தை மாதக் குளிரில் மேலே பொங்கவே பொங்காது. கீழேயே ஆட்டி, புளிக்கவிட்டு, சாயங்காலம் மேலே கொண்டுபோக வேண்டும். டிரம்மில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது, வளைவுகளில் வழிந்துவிடும். மேலே போனதும் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு சுற்றி வைப்போம். கேஸ் சிலிண்டரும் குளிரில் முழு வேகம் தராது, கீழே மூன்று என்றால் மேலே ஐந்து எடுத்துப் போவோம். இதையெல்லாம் சொல்வது எதற்கென்றால், விடுதிக்காரர் "எங்கள் கிச்சனைத் தருகிறோம்" என்று சொன்னால் போதாது. ஓட்டல் கிச்சனில் தேகசா அடுப்பு வைக்க இடமிருக்காது. வெளியே காற்று படாமல் மூன்று பக்கமும் தகரம் அடித்த ஒரு கொட்டகை கிடைக்குமா என்று கேளுங்கள்.

பந்தியைப் புல்வெளியில் வைக்காதீர்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் காற்றில் இலை மடங்கும், வைத்த சோறு கையெடுப்பதற்குள் ஆறிவிடும், பொங்கலில் ஊற்றிய நெய் இலையிலேயே வெள்ளையாக உறைந்துவிடும். கண்ணாடிக் கூடத்தில் 35 பேராக இரண்டு பந்தி. ரசத்தையும் பாயசத்தையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பெரியவர்கள் மறுபடியும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

மண்டபத்துக்காரரிடம் ஹோமம் வளர்க்க விடுவார்களா என்றும் முதலிலேயே கேளுங்கள். மரத்தரை, மரக்கூரை உள்ள இடங்களில் பல பேர் விடுவதில்லை. கடைசி நேரத்தில் ஐயரோடு வாக்குவாதம் வேண்டாம்.

தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பூசிய கப் எதுவும் மேலே கொண்டுவரக்கூடாது, சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள். எவர்சில்வர் டம்ளரும் 20 லிட்டர் கேனும் போதும். மிச்சச் சாப்பாட்டை விடுதிக்குப் பின்னால் கொட்டவிடாதீர்கள். ராத்திரி கரடி வரும், காட்டுப்பன்றி வரும். நாங்கள் மூடி போட்ட டிரம்மில் கட்டிக் கீழேயே கொண்டுபோய்விடுவோம். இருட்டிய பிறகு சின்னப் பிள்ளைகளைத் தேயிலைக்குள் விளையாட விடாதீர்கள், காட்டெருமை நிற்பது கிட்டப் போகிற வரைக்கும் தெரியாது.

பத்திரம் பார்ப்பவன்:

சமையல் அண்ணன் சொன்னதற்கு மேல் இடத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. பதிவு பற்றி மட்டும். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விடுதியில் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சியாகப் பத்திரிகை, விடுதி ரசீது இரண்டையும் பத்திரமாக வையுங்கள். ரசீதில் "அறை வாடகை" என்று மட்டும் இல்லாமல் திருமண நிகழ்ச்சிக்கு என்று தேதியோடு எழுதி வாங்குங்கள்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு விடுதியில் சாப்பாடு என்று யாராவது யோசனை சொன்னால், ஊட்டி எல்க் ஹில் முருகன் கோயில் மாதிரி நல்ல இடங்கள் உண்டு. ஆனால் அறநிலையத்துறைக் கோயில்களில் இது முதல் கல்யாணம்தான் என்பதற்கான முதல் திருமணச் சான்று கேட்பார்கள். மாப்பிள்ளை மைசூர் என்பதால் அங்கே வாங்க நேரம் பிடிக்கும், அதை முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

திருப்பூர் அக்கா:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இதை அப்படியே தங்கைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் படித்துக் காட்டினேன். பங்களாவுக்குப் போன் போட்டு டெம்போ டிராவலர் வருமா என்று கேட்டோம். "கீழே கேட்டில் நிறுத்திவிட்டு ஜீப்பில் வரலாம்" என்றார்கள். தங்கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போட்டோவுக்கு மட்டும் முதல் நாள் சாயங்காலம் தேயிலைப் பக்கம் போய்க்கொள்கிறாளாம்.

எடப்பள்ளி விடுதியில் ஹோமத்துக்குச் சம்மதித்தார்கள். கொட்டகை போட இடம் இருக்கிறது. தை தேதிதான். இரண்டே சந்தேகம். பாட்டியை முதல் நாளே கூட்டி வரலாமா, அன்று காலையில் வருவது நல்லதா? அப்புறம், பூ, இலையெல்லாம் மேலே கிடைக்குமா?

மேட்டுப்பாளையம் சமையல்:

ரொம்ப சந்தோஷம் அம்மிணி. பாட்டியை முதல் நாள் காலையிலேயே கூட்டி வாருங்கள். திருப்பூரில் ஆறு மணிக்குக் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் அரை வயிறு இட்லி, அப்புறம் கோத்தகிரி ரோடு. அதில் கூட்டம் குறைவு, மெதுவாக ஏறலாம். முன் சீட்டில் உட்கார வையுங்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள். வீசிங் மருந்து, இன்ஹேலர் எல்லாம் பாட்டி கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் வைத்து வண்டிக்கு மேலே கட்டிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவசரம் என்றால் குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது. அறை தரைத்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு, ஹீட்டரோடு வேண்டும் என்று இன்றைக்கே எழுதி வாங்குங்கள். கீசரில் ஒரே நேரத்தில் எத்தனை அறைக்கு வென்னீர் வரும் என்றும் கேளுங்கள். முகூர்த்தக் காலையில் எல்லோரும் ஒன்றாகத்தான் குளிப்பார்கள்.

இலையும் பூவும் மேலே தேடாதீர்கள். வாழை இலை மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கத்திலிருந்து நாங்களே கொண்டு வந்துவிடுவோம். மல்லிகைக்குச் சத்தியமங்கலம் பூ. முகூர்த்த நாளில் விலை எகிறும், அதனால் ஒரு வாரம் முன்னாலேயே கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்து வையுங்கள். மேலே கிடைக்கிற கார்னேஷன், ஜெர்பராவை மேடைக்கு வைத்துக்கொள்ளலாம், குளிரில் வாடாமல் ரெண்டு நாள் நிற்கும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் மைசூர்க்காரர்கள், காலை டிபனுக்குக் கேசரியா, பாதாம் அல்வாவா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.