புதுப்பிப்பு: என்-கேஜ் மார்க் 1 பெட்டிகள்

பிரிட்டனின் பாரம்பரிய நீராவி ரயில்களில் இன்றும் ஓடும் மார்க் 1 என்ற பழைய வகைப் பயணிகள் பெட்டிகளின் என்-கேஜ் மாதிரிகளை (அசலில் 148-இல் ஒரு பங்கு, அதாவது 1:148 அளவு) எப்படி மெருகேற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கைப்பிடிகளை மாற்றச் சொன்னவர்களுக்கு நன்றி, பெட்டியின் முகமே மாறிவிட்டது! 25 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடி இந்த அளவில் வெறும் 0.17 மி.மீ. தான். பிளாஸ்டிக்கில் வார்த்திருந்த தடித்த கோட்டைப் பிளேடால் மெல்லச் சுரண்டிவிட்டு, 0.2 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகினேன். சூப்பர் குளூவை ஊசிமுனையில் தொட்டு வைத்தாலே போதும்.

உள்ளே பயணிகளை உட்கார வைத்தாயிற்று. கால்களைக் கொஞ்சம் வெட்டினால்தான் மேசைக்கடியில் அடங்குகிறார்கள்.

ஓடிப் பழகியதாகத் தெரிய அழுக்குப் பூசச் சொன்னவர்களோடு மட்டும் என் கருத்து வேறு. பாதுகாத்து ஓட்டும் பெட்டிகளைத் தன்னார்வலர்கள் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அதனால் பக்கங்களுக்கு வார்னிஷ், கூரையில் லேசாகப் புகைக்கரி, போகியில் (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதியில்) பிரேக் தூசி, அவ்வளவே.

அடுத்தது பெட்டிகளை இணைக்கும் நடைவழி. கறுப்புக் காகிதத்தை மடித்துச் செய்யப் போகிறேன்.